வரைபடம் படிக்கும் வாலிபர்கள் வேண்டும்!



சிந்தாதிரிப்பேட்டை தானாக முளைத்த ஊரல்ல. திட்டம் போட்டு உருவாக்கப்பட்ட ஊர். 1734-ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி தேவைப்பட்டது. கூவம் ஆறு வளைந்து சுற்றிக்கொண்டு ஓடும் இந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்தார். சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலம் அது. நெசவாளர்கள், நூல் நூற்பவர்கள், துணி வெளுப்பவர்கள், துணியில் சித்திரம் தீட்டுபவர்கள் எல்லோரையும் அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார்கள். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் மருவி சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள். யார் யார் இங்கே வீடு கட்டலாம் என்பதையும் கம்பெனியே முடிவு செய்தது.

தறி நெசவாளியுடையது. உழைப்பு நெசவாளியுடையது. ஆனால் திட்டம்? அது கோட்டைக்குள் இருந்தவர்களுடையது!

கம்பெனி கப்பல் ஏறிப் போய்விட்டது. கவர்னரும் போய்விட்டார். நாடு விடுதலை அடைந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பேட்டையில் எது எங்கே வரவேண்டும், எந்தத் தெரு அகலமாக வேண்டும், எந்தக் குடிசை இருக்கலாம், எது போகவேண்டும் என்பதையெல்லாம் பேட்டையில் குடியிருக்காதவர்கள்தான் இன்றும் தீர்மானிக்கிறார்கள். மீன் மார்க்கெட்டில் விடியற்காலையில் கூடை இறக்குபவருக்கு அது தெரியாது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் நம் சகோதரருக்கும், ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நம் தம்பிக்கும் அது தெரியாது. அளவு நாடாவோடு ஆட்கள் வந்து சுவரில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதும்போதுதான் தெரிகிறது. அதன் பிறகு ஓட்டம்! கவுன்சிலர் வீட்டுக்கு ஓட்டம், எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஓட்டம், வக்கீலிடம் ஓட்டம். வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னார்கள் பெரியவர்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு மண் மூட்டை தேடுகிற நிலைதான் இங்கே தொடர்கிறது.

ஆற்றின் கரையில் நடந்தது என்ன?

நம் கண்முன்னால் நடந்ததையே பாருங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை கூவத்தை ஒட்டி உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. தூண்கள் எழும்பின. 2012-ல் அ.தி.மு.க. அரசு, தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லிப் பணியை நிறுத்தியது. பத்தாண்டுக் காலம் அந்தத் தூண்கள் ஆற்றில் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி அதே சாலைக்கு, இரண்டு அடுக்குச் சாலை என்ற புதிய வடிவில், மறுபடியும் அடிக்கல் நாட்டினார்.

தொடங்கியவர்கள், நிறுத்தியவர்கள், மறுபடி தொடங்கியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருக்கலாம். சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. துறைமுகத்துச் சரக்கு லாரிகளுக்கு வழி வேண்டும்தான். ஆனால் ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தவர்களிடம், கரையோரத் தெருக்களில் கடை வைத்திருப்பவர்களிடம், மழைக்காலத்தில் தண்ணீர் எந்தச் சந்து வழியாக உள்ளே வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டவர்கள் யார்?

அடுத்ததைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவம், அடையாறு கரைக் குடிசைகள் நீரில் மூழ்கின. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரை மக்களை ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல்! அது எப்படிப்பட்ட இடம்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். பலத்த மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளம் தேங்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். காலையில் மீன் மார்க்கெட்டில் கூலி வேலைக்கு வந்தவர், வீட்டு வேலைக்குப் போன அவருடைய மனைவி, பக்கத்துத் தெருப் பள்ளியில் படித்த அவர்களுடைய பிள்ளை எல்லோருடைய பிழைப்பும் ஒரே நாளில் அறுந்தது. நிலத்தைத் தவறாகத் திட்டமிட்டால் மண் மட்டும் கெடுவதில்லை, குடும்பங்களும் கெடுகின்றன.

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது!

ஆட்சியாளர்களைத் திட்டுவது எளிது. திட்டுவதற்கு வேண்டிய காரணங்களும் ஏராளம். ஆனால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? சட்டம் நமக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

1992-ல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் முதல் பணியே நகரத் திட்டமிடல். இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். மூன்று லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு உண்டு. சென்னையில் ஒரு வார்டு பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் முதல் நாள் மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களை ஒட்டி இவை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போய்ப் பேசலாம். நம் தெருக்களிலிருந்து எத்தனை பேர் போனார்கள்? போனவர்களில் எத்தனை பேர் கையில் ஒரு காகிதத்தோடு, ஒரு கணக்கோடு போனார்கள்?

இன்னொன்று. சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் 1975-ல் வந்தது. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது. அதன் காலம் 2026-ஆம் ஆண்டோடு முடிகிறது. மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்குமானது. சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்தான் இதைத் தயாரிக்கும் அமைப்பு. இன்று தொட்டிலில் கிடக்கும் நம் பிள்ளை கல்லூரி முடித்து, கல்யாணம் செய்து, கடை திறக்கப் போகும் காலம் வரை எந்தத் தெரு குடியிருப்பு, எந்தத் தெரு வணிகம், எது திறந்தவெளி, எந்தச் சாலை எத்தனை அடி அகலம் என்பதையெல்லாம் இந்த ஒரு ஆவணம்தான் நிர்ணயிக்கும்!

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டப்படி, இப்படி ஒரு திட்டத்தின் வரைவு வெளியிடப்படும்போது பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரவேண்டும். இருபது ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் திட்டத்துக்கு வாய் திறக்க இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதத்தில் வரைபடத்தை எடுத்து, தன் தெருவைக் கண்டுபிடித்து, அதன் மேல் பூசியிருக்கும் நிறத்துக்கு என்ன பொருள் என்று புரிந்துகொண்டு, எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கத் தெரிந்த ஆள் நம் மஹல்லாவில் யார்? வரைவு வந்த பிறகு ஆள் தேட முடியாது. ஆளை இப்போதே தயார் செய்ய வேண்டும். இந்தத் தலையங்கம் சொல்லவரும் செய்தி இதுதான்.

அரசிடமே ஆள் இல்லை!

'இதற்கெல்லாம் அரசாங்கத்தில் அதிகாரிகள் இருக்கிறார்களே, நாம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். அரசாங்கமே என்ன சொல்கிறது தெரியுமா? நிதி ஆயோக் 2021-ல் நகரத் திட்டமிடல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மாநிலங்களின் நகர ஊரமைப்புத் துறைகளுக்கு நாடு முழுவதும் 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை. ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே 4,000-க்கும் குறைவு. அதிலும் பாதியளவு காலி என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. இந்தியாவின் நகர்ப்புறப் பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு முழுமைத் திட்டமே கிடையாது என்றும் சொன்னது.

ஆக, நம் தெருவை நடந்து பார்த்துத் திட்டம் போட அரசிடம் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? தனியார் ஆலோசனைக் கம்பெனி வரும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு போடும். செயற்கைக்கோளின் கண்ணுக்குக் கூரை தெரியும். கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம், எத்தனை தொழில் என்பது தெரியுமா? மாடியில் குடும்பம், கீழே பட்டறை, வாசலில் தட்டுக்கடை என்று ஒரே கட்டடத்தில் மூன்று பிழைப்பு நடப்பது தெருவில் நடப்பவனுக்குத்தான் தெரியும்.

கேரளம் காட்டிய வழி

சாதாரண மக்களைத் திட்டமிடுநர்களாகப் பயிற்றுவிக்க முடியுமா? முடியும். பக்கத்து மாநிலத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

1996 ஆகஸ்ட் 17, மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் முதல் நாள், கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே என்று அறிவித்தார்கள். பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. திட்டமிடத் தெரிந்த ஆட்களை உருவாக்கினார்கள். மாநில அளவில் சுமார் 600 பேருக்கு ஏறத்தாழ இருபது நாள் பயிற்சி. அவர்கள் மாவட்ட அளவில் சுமார் 12,000 பேருக்குப் பத்து நாள் பயிற்சி அளித்தார்கள். உள்ளூர் அளவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது ஐந்து நாள் பயிற்சி. இதெல்லாம் முதல் ஆண்டிலேயே! பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், விவசாயி, வேலை தேடிக்கொண்டிருந்த பட்டதாரி, வீட்டுப் பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள்.

என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் மண், தன் நீர், தன் தொழில், தன் பள்ளி, தன் மருத்துவமனை பற்றிய வளர்ச்சி அறிக்கையைத் தானே எழுதியது. கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி இதற்கு முன்னோடி. தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்கள் விஞ்ஞானிகளின் துணையோடு அங்கே வயல் வயலாக நடந்து மண்ணையும் நீரையும் வரைபடத்தில் குறித்தார்கள். அந்த ஊர் மக்களே வரைந்த வரைபடம் அது. எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எந்த நிலத்தைத் தொடக்கூடாது என்பதை வேறு யாரும் வந்து அவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

குறைகளும் இருந்தன. மறைக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டில் பல ஊர்கள் தந்தவை திட்டமாக இல்லை. ஆசைப் பட்டியலாக இருந்தன. ரோடு வேண்டும், கட்டடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எவ்வளவு செலவு, யார் பராமரிப்பது என்ற கணக்கு இல்லை. அப்போது என்ன செய்தார்கள்? ஓய்வு பெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், அதிகாரிகள், பேராசிரியர்கள் ஆகியோரைத் தொண்டர்களாகச் சேர்த்துத் தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்தார்கள். மக்கள் எழுதியதைத் தூக்கி எறியாமல் திருத்திக் கொடுத்தது அந்தக் குழு. திட்ட நிதியில் பத்து சதவீதத்தைப் பெண்களுக்கான பணிகளுக்கென்று தனியாக ஒதுக்கினார்கள். 1998-ல் நம் சமுதாயம் பெரும்பான்மையாக வாழும் மலப்புரத்தில் தொடங்கி வைக்கப்பட்ட குடும்பஸ்ரீ, இன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் மாபெரும் அமைப்பாக நிற்கிறது.

2001-ல் அங்கே ஆட்சி மாறியது. முஸ்லிம் லீக் இடம்பெற்ற ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு திட்டத்தின் பெயரை மாற்றியது. ஆனால் உள்ளாட்சி தானே திட்டமிடும் முறை அழியவில்லை. ஏன்? பயிற்சி பெற்ற ஆட்கள் ஊர் ஊராக இருந்தார்கள். ஆட்சி மாறினால் அரசாணை மாறும். கற்றுக்கொண்ட வித்தை மாறாது!

தமிழ்நாட்டிலும் இல்லாமல் இல்லை. சென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் 1996 முதல் 2006 வரை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் பொறியாளர் இளங்கோ. அரசு வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர். கிராம சபையைக் கூட்டி ஊர்த் திட்டத்தை ஊரையே போட வைத்தார். தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளைச் சமத்துவபுரத்தில் கட்டினார். வீட்டை எப்படி அடுக்குவது என்பதிலேயே சமூக நீதி இருக்கிறது என்பதைக் காட்டிய திட்டம் அது. பின்பு மற்ற ஊர்த் தலைவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பஞ்சாயத்து அகாடமியை நடத்தினார். கிராமத்துக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் முன்வந்தார். நகரத்துத் தெருவுக்குக் கற்றுக்கொடுக்க யார் முன்வருவது?

கிதாபில் இருக்கும் பாடம்

மதரஸாவில் ஓதிய ஆலிம்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். நிலத்தைப் பற்றிய பேச்சு நமக்குப் புதியதல்ல. ஃபிக்ஹ் கிதாபுகளில் 'இஹ்யாவுல் மவாத்' என்று தனிப்பாடமே இருக்கிறது. தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பது பற்றிய சட்டங்கள் அதில் வருகின்றன. அங்கேதான் 'ஹரீம்' என்ற சொல்லும் வருகிறது. கிணற்றைச் சுற்றி நாற்பது முழம் வரை வேறு எவரும் தோண்டவோ கட்டவோ கூடாது; கிணற்றுக்கும் ஆற்றுக்கும் பாதைக்கும் அதனதன் எல்லை உண்டு; அந்த எல்லை தனிமனிதனின் சொத்தாகாது என்று இமாம்கள் விவாதித்திருக்கிறார்கள். மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ என்ற மேய்ச்சல் நிலத்தை நபி (ஸல்) அவர்கள் பொதுத் தேவைக்கான குதிரைகளுக்காக 'ஹிமா' என்று ஒதுக்கினார்கள் என்பது ஆலிம்கள் அறிந்த செய்தி.

இன்றைக்கு நகரத் திட்டமிடுநர் ஆற்றங்கரைப் பாதுகாப்பு எல்லை, திறந்தவெளி ஒதுக்கீடு என்று சொல்வது இதைத்தான். ஹரீமை ஓதத் தெரிந்த ஆலிம், கூவத்தின் கரையை வரைபடத்தில் காட்டிப் பேசத் தொடங்கினால் ஜும்ஆவுக்கு வரும் வாலிபன் காது கொடுத்துக் கேட்பான்.

என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்?

நம் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஐந்து வாலிபர்களையும் ஐந்து சகோதரிகளையும் தேர்ந்தெடுக்கட்டும். பத்து வாரம், வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம். மதரஸாவின் கூடமே போதும். சகோதரிகளை ஏன் சொல்கிறோம்? குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, சாக்கடை எந்த மூலையில் பொங்குகிறது, பெண் பிள்ளைகள் எந்தத் தெருவில் நடக்கப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

முதலாவது, ஆவணம் படித்தல். பட்டா, வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேடு, புலப்பட நகல் ஆகியவை என்ன, எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்பது தெரிய வேண்டும்.

இரண்டாவது, முழுமைத் திட்ட வரைபடம். நம் தெரு எந்தப் பிரிவில் இருக்கிறது, அந்தப் பிரிவில் என்ன கட்டலாம், என்ன தொழில் நடத்தலாம், எந்தச் சாலை அகலப்படுத்தக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தானே பார்த்துச் சொல்லும் பழக்கம் வரவேண்டும். கடைக்கு முன்பணம் கொடுக்குமுன் இதைப் பார்க்கத் தெரிந்த வியாபாரி ஏமாற மாட்டார்.

மூன்றாவது, எந்த வேலை யாருடையது என்ற அறிவு. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துடையது. ஆறு நீர்வளத் துறையுடையது. அடுக்குமாடிக் குடியிருப்பு, முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்து 2021-ல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. இது தெரியாததால்தான் ஒரு மனு நான்கு மேசை சுற்றிக் குப்பைக் கூடைக்குப் போகிறது.

நான்காவது, கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய் எத்தனை குடும்பம், என்ன தொழில், எத்தனை மழைநீர்த் தொட்டி வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று பதித்த குழாய்களில் எத்தனை இன்று அடைபட்டுக் கிடக்கின்றன? நம் பள்ளிவாசல் கூரையிலிருந்தே இந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

ஐந்தாவது, தெருவோர வியாபாரம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை எவரையும் அகற்றக் கூடாது. சட்டம் தெரிந்தவனின் தள்ளுவண்டியை லேசில் தூக்க முடியாது.

ஆறாவது, எழுதுதல். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பது, ஆட்சேபணை மனு எழுதுவது, பகுதி சபையில் ஐந்து நிமிடத்தில் ஒரு விஷயத்தைக் கணக்கோடு சொல்வது. கோஷம் போடத் தொண்டை போதும். கோரிக்கை வெல்ல ஆதாரம் வேண்டும்.

பாடம் நடத்த ஆள்? ஓய்வு பெற்ற நில அளவையாளர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், வட்டாட்சியர் எல்லா சமுதாயத்திலும் இருக்கிறார்கள். மரியாதையோடு அழைத்தால் வருவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டட, திட்டமிடல் கல்விக்கூடம் கிண்டியில்தான் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்குக் களப்பணி செய்யத் தெரு வேண்டும். நமக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். இரண்டும் பொருந்தாதா? பொறியியலிலும் வணிகவியலிலும் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர்கள், நகரத் திட்டமிடல் என்றொரு படிப்பு இருப்பதையும் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

வக்ஃப் நிலமும் வரைபடமும்

வக்ஃப் சொத்துக்கும் இது பொருந்தும். 2025-ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்த பிறகு, காலங்காலமாகத் தொழுது வருகிறோம், அடக்கம் செய்து வருகிறோம் என்ற சொல்லை மட்டும் வைத்துப் புதிதாக ஓர் இடத்தை வக்ஃபு என்று நிலைநாட்டுவது கடினமாகிவிட்டது. அந்தச் சட்டத்தை எதிர்க்கும் போராட்டம் ஒரு பக்கம். கையிலிருக்கும் நிலத்தின் சர்வே எண், எல்லை, அளவு எல்லாவற்றையும் பதிந்து வைப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. முத்தவல்லியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் காகிதத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் போதும். அப்படிப் படித்த பிறகு அந்த நிலம் வெறும் வாடகைக் கட்டடமாக நிற்பதா, ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதியாகவோ நோயாளிகளுக்கு மருந்தகமாகவோ ஆவதா என்ற நல்ல கேள்வியும் தானே எழும்.

தண்ணீர் மதம் பார்த்து வராது!

இது நம் தெருவுக்கு மட்டும் ஆன வேலை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டையில் கோயில் இருக்கிறது, சர்ச் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. மீன் வியாபாரியும் அச்சக உரிமையாளரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பெயர் கேட்டு வீட்டுக்குள் நுழைவதில்லை. ஆகவே ஐந்து வாலிபர்கள் கற்றுக்கொள்ளும்போது பக்கத்துத் தெருப் பிற சமயச் சகோதரர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். ஒரே வரைபடத்தைச் சுற்றி உட்காருபவர்கள் சண்டை போட்டுக்கொள்வது அரிது. பகுதி சபையில் ஒரு சமுதாயத்தின் கோரிக்கையாக வருவதைவிட ஒரு தெருவின் கோரிக்கையாக வருவதற்கு வலிமை அதிகம். இடித்துத் தள்ள நினைப்பவர்கள் முதலில் தேடுவதே மக்களுக்குள் இருக்கும் விரிசலைத்தான்.

தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் மாநகராட்சியின் வரவு செலவைத் தெருக் கூட்டங்களில் மக்களிடமே கேட்டுத் தீர்மானிக்கத் தொடங்கியது. உலகமே அதைப் போய்ப் பார்த்துப் படித்தது. அங்கே கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சாக்கடையும் குழாயும் இல்லாத குடிசைவாசிகள். தங்களுக்கு எது முதலில் வேண்டும் என்பதை அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். ஏழைக்குத் திட்டம் போடத் தெரியாது என்பது பணக்காரன் கட்டிய கதை. மாதக் கடைசியில் நூறு ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு வாரம் குடும்பம் நடத்தும் தாயைவிடச் சிறந்த திட்டமிடுநர் யார்?

ஜமாஅத் நிர்வாகிகளே! வணிகர் சங்கத் தலைவர்களே! அடுத்த பகுதி சபை கூடுமுன் உங்கள் தெருவின் வரைபடம் உங்கள் கையில் இருக்கட்டும். அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். வணிகர்கள் ஒரு மாதத் தேநீர்ச் செலவை ஒதுக்கினால் ஒரு மஹல்லாவின் பயிற்சிக்கு வேண்டிய வரைபடங்களும் காகிதங்களும் வந்துவிடும்.

வாலிபர்களே! தெருமுனையில் நின்று ஊர் கெட்டுவிட்டது என்று பேசும் நேரத்தில் பாதியை இந்தப் பாடத்துக்குக் கொடுங்கள். 1734-ல் இந்தப் பேட்டையின் திட்டத்தைக் கோட்டையில் உட்கார்ந்து எழுதினார்கள். 2046 வரைக்குமான திட்டத்தில் பேட்டையில் குடியிருப்பவனின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், இருக்கும். பேனாவை எடுங்கள்!